ஆம்பளை தின்ற பத்தியம்

இப்போதெல்லாம் சோற்றை முதலில் போனுக்குத்தான் படைக்கிறார்கள். சாமிக்குக் காட்டினால்கூட ஒரு சூடம் அணைகிற நேரம்தான். போனுக்கு அப்படியா? தட்டை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, குழம்புக்குள் கிடக்கிற கறிவேப்பிலையைத் தோண்டி எடுத்து மேலே வைத்து, சன்னல் துணியை ஒதுக்கி வெளிச்சம் விட்டு, அதற்குள் குழம்பில் ஏடு படிந்துவிடும். அப்புறம் எங்கெங்கோ இருக்கிற பொம்பளைகள் கைகூப்புகிற பொம்மை, கட்டைவிரல் பொம்மை, நெஞ்சுப் பொம்மை என்று அனுப்புவார்கள். ஒருத்தியும் ஒரு வாய் தின்றிருக்க மாட்டாள். "சூப்பர் அக்கா, நாக்கு ஊறுது." தின்னாத சோற்றுக்கு ருசி சொல்கிற காலம் இது. நேரில் பார்த்தால் ஒருத்திக்கு ஒருத்தி தண்ணீர் கொடுப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

என் வீட்டுக்காரி இருசம்மாளும் அதில் போய் விழுந்தாள். பெம்பானில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை, பின்பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. நான் குலை ஏற்றுகிற லோரியில் கிடந்து முட்டி தேய்ந்துபோய் வீட்டோடு உட்கார்ந்த வருஷம்தான் என் தங்கச்சி திலகவதி அவளை அந்த வாட்சப் குருப்பில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பெயர் 'எங்க ஊட்டு அடுப்பு'. சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற சுசீலா என்கிற ஒருத்தி ஆரம்பித்ததாம். முந்நூறு பேர் இருக்கிறார்களாம். தோட்டங்கள் உடைந்து திசைக்கு ஒருத்தியாகப் போன பொம்பளைகள், ஜோகூரில் ஒருத்தி, சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிற ஒருத்தி, யார் யாரோ. சமையலைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாதாம். அரசியல் கூடாது, சாமி கூடாது, குடும்பக் கதை கூடாது. இதைக் கேட்டதுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பொம்பளைகள் முந்நூறு பேர் கூடி உப்பு புளி மட்டும் பேசுகிறார்கள் என்றால் யார் நம்புவது?

இருசம்மாளுக்கு எழுத வராது. போனை அமுக்கிப் பிடித்து, வாயருகே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவாள். முகத்தைக் காட்ட மாட்டாள். கை மட்டும்தான். அடுப்பின் பக்கத்தில் மைலோ டின்னைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, கை மட்டும் தெரிகிற மாதிரி செய்து காட்டுவாள். நெத்திலி சம்பல், சிஞ்சாலோக் இறால் ஊறுகாய் போட்டு முட்டைப் பொரியல், புளிச்சக்காய் போட்ட கெம்போங் மீன் குழம்பு. "ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர்னு எல்லாம் எனக்குத் தெரியாது தங்கச்சிங்களா. சட்டி சொல்லும். சத்தம் கம்மியானா தண்ணி ஊத்துங்க." இந்தப் பேச்சுக்கு ஒரு கூட்டம். வீட்டில் என்னோடு நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவள், சட்டியில் கடுகு வெடிக்க ஆரம்பித்தால் கோயில் மைக்கைப் பிடித்தவள் மாதிரி ஆகிவிடுவாள்.

"இதுல உனக்கு என்னா கெடைக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் கெடைக்கல. வாயத் தொறந்து பேசறேன். இந்த ஊட்டுல செவுத்துகிட்டயா பேசறது?"

பதில் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள், தேவிஸ்ரீ. இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செங் ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் ஏறிப் போனவள், அங்கேயே ஒருத்தனைப் பிடித்தாள். அவன் மலாய்க்காரனாக இருந்தாலும் சீனனாக இருந்தாலும் நான் ஒரு மாதம் கத்திவிட்டு விட்டிருப்பேன். அவன் தங்கராஜுவின் மகன் திவாகர். தங்கராஜு யார் என்று, நாங்கள் முன்பு குடியிருந்த பத்தொன்பதாம் கட்டைத் தோட்டத்தில் இருந்த எவனைக் கேட்டாலும் சொல்வான். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். மாற்று வீடு கொடுக்காமல் ஒருத்தரும் நகரக்கூடாது என்று மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் எங்கள் எல்லாரையும் சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தவன் அவன்தான். தலைவன். அவன் சொன்னான் என்று தண்ணீரை வெட்டிய பிறகும் கிடந்தோம், விளக்கை வெட்டிய பிறகும் கிடந்தோம். ஒருநாள் விடிகாலை பல் விளக்க வெளியே வந்தேன். தங்கராஜு வீட்டு வாசலில் லோரி நின்றது. சட்டி பானை எல்லாம் ஏற்றி, அதற்கு மேலே அவன் பெண்டாட்டி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோரி என்னைத் தாண்டித்தான் போனது. அவன் முன்பக்கம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டு போனான். மத்தியானம் தோட்ட ஆபீசில், "உங்க தலைவரே கையெழுத்துப் போட்டுட்டாரே, நீங்க என்ன?" என்று சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு நான் எவனுக்காகவும் சூடம் அடித்ததில்லை.

அந்த வீட்டுக்குத்தான் என் மகள் போனாள். அவள் போன அன்று இருசம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "அவகிட்ட ஒரு வார்த்த பேசினேன்னு தெரிஞ்சுது, என் பொணத்துல முழிக்காத." நாலு வருஷம். இருசம்மாள் அதைத் தாண்டவில்லை. நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். போன் வந்தால் யாரென்று கேட்பேன். திலகவதி வீட்டுக்குப் போனால் கூடவே போவேன். என் சொல் இந்த வீட்டில் நின்றது என்றுதான் நினைத்திருந்தேன். வெளியில் எங்கும் நிற்காத சொல் இங்கேயாவது நிற்கட்டுமே.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறியது. காரம் நின்றது. மிளகாய் தாளிக்கிற நெடி அடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அது இல்லை. கேட்டதற்கு, கிளினிக்கில் பிரஷர் கூட இருக்கிறது என்று சொன்னார்களே என்றாள். சொன்னதும் உண்மைதான். சரி என்று தின்றேன். பூண்டை முழுசு முழுசாகப் போட்டு நல்லெண்ணெயில் வதக்கி, மிளகும் சீரகமும் அரைத்து ஊற்றி ஒரு குழம்பு. கருப்பாக, ஆளை அடிக்கிற மாதிரி. அடுத்த நாள் முருங்கைக்கீரை. அதற்கடுத்த நாள் என்னை ஜாசின் பசாருக்கு அனுப்பி, "சின்னச் சுறாவா பாத்து வாங்கியாங்க, பெருசு வேணாம்" என்றாள். அதை அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து, பூண்டோடு புரட்டி வைத்தாள். நாட்டுக்கோழிக்கு மிளகுச் சாறு. குடிக்கிற தண்ணீர்கூட ஓமம் போட்டுக் கொதிக்க வைத்தது. ஐஸ் தண்ணீர் கேட்டால் முறைத்தாள். கத்தரிக்காய் இல்லை, தக்காளி இல்லை, பூசணி இல்லை.

இத்தனையையும் அவள் மைலோ டின்மேல் போனைச் சாய்த்து வைத்துத்தான் செய்தாள். முன்பு வாரத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை காட்டுவாள். இப்போது தினம் மூன்று வேளை. குரலும் மாறியிருந்தது. முன்பு முந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்குச் சொல்கிற மாதிரி. "இத ஆற வெச்சு சாப்பிடக் கூடாது தங்கச்சி. சூடா சாப்பிடணும். இன்னொரு உருண்ட சாப்பிடு. சாப்பிட்டியா?" போனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாளே, இவளுக்கு மண்டை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சின்னத்தம்பிதான் அதை உடைத்தான். பெம்பான் கோப்பிக்கடையில் காலையில் நாங்கள் நாலைந்து கிழடுகள் உட்காருவோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் சின்னத்தம்பி மூக்கைச் சுருக்கினான்.

"அண்ணே, யார் ஊட்டுல புள்ள பெத்திருக்கு?"

"ஏன்டா?"

"உங்க மேல பச்ச ஒடம்புக்காரி வாட அடிக்குது லா. பூண்டு, நல்லெண்ண, ஓமம். என் மருமக புள்ள பெத்தப்ப எங்க ஊடு பூரா ஒரு மாசம் இதே வாடதான். மறைக்காதீங்க, என்னா புள்ள? ஆணா பொண்ணா? பால் வருதா?"

மேசை முழுக்கச் சிரித்தது. கடைக்காரச் சீனன்கூட என்னவென்று தெரியாமல் சிரித்தான். நானும் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் சின்னத்தம்பி பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான், கிளாசைப் பார்த்தான். "சும்மா சொன்னேன் அண்ணே. பூண்டு ஒடம்புக்கு நல்லதுதான்" என்று எழுந்து, பாதிக் கோப்பியை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டியும் அந்தக் குருப்பில்தான் இருக்கிறாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தேவிஸ்ரீ பிறந்தபோது லயத்தில் என் அம்மாதான் பத்தியம் சமைத்தாள். தனி அடுப்பு, தனிச் சட்டி. ஆம்பளைகளை அந்தப் பக்கம் விடவே மாட்டார்கள். எனக்கு வழக்கம் போல் கருவாடும் சம்பலும்தான். அதனால் அந்த ருசி எனக்குத் தெரியாது. வாடை மட்டும் தெரியும். கதவுக்கு வெளியே நின்று முகர்ந்த வாடை. வீட்டுக்கு நடந்து வருகிறபோது என் சட்டையை நானே முகர்ந்து பார்த்தேன்.

இருசம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள். போன் ஐஸ் பெட்டிமேல் கிடந்தது. முக்கோணத்தை அமுக்கினால் குரல் வரும் என்று பார்த்துத்தான் வைத்திருந்தேன். அமுக்கினேன்.

"அக்கா, வணக்கம். நீங்க சொன்ன மாதிரியே சுறாப்புட்டு செஞ்சேன். தேங்கா போடலாமான்னு தெரியல, போடல. பால் இப்ப நல்லா வருது. வெட்டின எடத்துல வலி கொறஞ்சிருச்சு. அக்கா, நீங்க செய்றப்ப அந்தச் சட்டி சத்தம் கேக்குது பாருங்க, அத கேட்டாலே எனக்குப் பசி எடுக்குது. அத போட்டு விட்டுட்டுத்தான் சாப்பிடறேன்."

பின்னால் ஒரு பச்சைப் பிள்ளை வீறிட்டது. அதோடு குரல் நின்றுவிட்டது.

பெத்த தாயை அக்கா என்கிறாள். முந்நூறு பொம்பளைகளில் ஒருத்தி மாதிரி, வணக்கம் சொல்லி. குரல் அவளுடையதுதானா என்று உறுதி பண்ணிக்கொள்ள இன்னொரு தடவை அமுக்கினேன். அந்த அழுகை வரைக்கும் கேட்டேன். அப்புறம் அடுத்ததை அமுக்கினேன். இருசம்மாளின் குரல்.

"தேங்கா வேணாம் தங்கச்சி, புள்ளைக்கு மாந்தம் வரும். அந்த ஊட்டுல பொம்பள தொண இல்லன்னு கவலப்படாத. நான் செய்றத பாத்து செய். அழுவாம சாப்பிடு. அழுதுகிட்டே சாப்பிட்டா பாலு கெட்டுப் போயிடும்."

அதற்குக் கீழே மற்றவர்கள். ஓமம் வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தி. பிள்ளைக்கு வசம்பு கட்டு என்று ஒருத்தி. "நாளைக்கு நான் செங் பக்கம் வரேன் தங்கச்சி, மருந்து சாமான் அரைச்சு கொண்டாறேன்" என்று சுசீலாவின் குரல். என் தங்கச்சி திலகவதி நெஞ்சுப் பொம்மை போட்டிருந்தாள்.

இருசம்மாள் தலையில் துண்டோடு வந்தாள். போன் என் கையில் இருப்பதைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. முருங்கைக்கீரையை எடுத்து வைத்துக்கொண்டு உருவ உட்கார்ந்தாள்.

"யாருடி அந்த தங்கச்சி?"

"குருப்புல ஒரு பொண்ணு."

"எனக்குக் குரல் தெரியாதா?"

"தெரியுதா? நாலு வருஷம் ஆச்சே, மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அவகிட்ட பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பேசலையே. உங்க மககிட்ட ஒரு வார்த்த பேசல. அவ அக்கான்னா, நான் தங்கச்சின்னேன். சமையல் கேட்டா, சொன்னேன். எல்லாருக்கும் சொல்றதத்தான் சொன்னேன்."

"பெத்த மகள தங்கச்சின்னு கூப்பிடற வாயி ஒரு வாயா?"

கீரை உருவுகிற கை நின்றது. "அந்த வாயத்தான நீங்க வெச்சுக்கச் சொன்னீங்க?"

தலைப்பிரசவம். தாய் வீட்டில் நடக்க வேண்டியது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. தங்கராஜுவின் பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம் ஆகிறதாம், தங்கராஜுவுக்குச் சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்துவிட்டார்களாம், அந்த வீட்டில் ஒரு பொம்பளை இல்லையாம், பிள்ளை பெத்த நாலாம் நாள் அவளே எழுந்து கஞ்சி வைத்தாளாம். இதையெல்லாம் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கால் போனதைக் கேட்டபோது எனக்குப் பாவமாக இல்லை. அந்தக் காலால்தானே லோரி ஏறினான்.

"சரி, அவளுக்குப் பத்தியம். எனக்கு எதுக்குடி? ஒரு மாசமா புள்ள பெத்தவ சோத்த எனக்கு எதுக்குப் போட்ட? கோப்பிக்கடையில நாலு பேரு சிரிக்கிறான்."

"செஞ்சு காட்டுனாத்தான் அவளுக்குப் புரியும். காட்டுனத கீழ கொட்டச் சொல்றீங்களா? கொண்டு போய்க் கொடுக்க முடியுமா? முடியாது. அப்ப யாரு சாப்பிடறது?" அவள் கீரைக் காம்பை ஒடித்து ஓரமாக வைத்தாள். "அவ அங்க சாப்பிடற நேரம் பாத்துத்தான் உங்களுக்கும் போட்டேன். ஒரே சோறு. ஒரு மாசமா நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டோம். பாலு குடிக்கிறவனையும் சேத்தா நாலு."

ஆண்பிள்ளை என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இனிமே குருப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எனக்கு மிளகா போட்டு ஆக்கு" என்றேன். அவள் போனைக் கேட்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. அன்று மத்தியானம் மைலோ டின் கவிழ்ந்தபடி இருந்தது, அதன்மேல் ஒன்றும் இல்லை. அவள் சத்தமில்லாமல் சமைத்தாள். மறுபடியும் அதே பூண்டுக் குழம்பு. பிடிவாதம். நானும் பசிக்குத் தின்றேன். சாயங்காலம் முழுக்க என் நெஞ்சில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை நின்றால் மறுபடி. உள்ளே வண்டு ஒன்றைப் பிடித்துப் போட்டது மாதிரி. அதை அடக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் முடியாது.

மறுநாள் காலை வாசலில் ஒரு மைவி கார் வந்து நின்றது. ஐம்பது வயசு இருக்கும், கட்டையாக, பூப்போட்ட சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு பொம்பளை இறங்கி, செருப்பைக் கழற்றாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வணக்கம் அண்ணே. நான் சுசீலா. சிம்பாங் அம்பாட்."

"யாரு நீ? முன்ன பின்ன தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது அண்ணே. எனக்குத் தெரியும். ரசத்துல புளி கம்மியா இருக்கணும், கருவாட்டுல தல வேணும், அப்பளம் நொறுங்கியிருந்தா தொட மாட்டீங்க. அக்கா சொல்லுவாங்க." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாய் ருசி முந்நூறு பொம்பளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எவளையும் பார்த்ததில்லை.

"நேத்து ரெண்டு வேள அக்கா சத்தமே இல்ல. புள்ள பயந்துபோச்சு. இன்னைக்குத் தலைக்கு ஊத்தி, புள்ளைக்குப் பேரு வெக்கிறாங்க. அக்காவ கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலமே கொண்டாந்து விட்டுடறேன். என்னை நம்பலாம் அண்ணே."

"குடும்பக் கதை பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவ நீதான?"

"பேசலையே அண்ணே. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்."

எல்லாருக்கும் தெரியும். திலகவதிக்குத் தெரியும். சின்னத்தம்பி பெண்டாட்டிக்குத் தெரியும், அதனால் சின்னத்தம்பிக்குத் தெரியும். சிங்கப்பூரில் சீனன் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பல் விளக்குகிற குச்சியோடு லோரியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதே இடத்தில்தான் திரும்பவும் நிற்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ஒருத்தன் ஏமாற்றினான். இன்றைக்கு முந்நூறு பேர். இவர்கள் இதற்குச் சமையல் என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

இருசம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த மஞ்சள் சேலை. கையில் அடுக்குப் பாத்திரம். எப்போது எழுந்து ஆக்கினாள் என்று எனக்குத் தெரியாது. மூடி இடுக்கு வழியாகப் பூண்டும் நல்லெண்ணெயும் வாசல் வரைக்கும் வந்தது. ஒரு மாதமாக என் வயிற்றுக்குள் போன சாமான், இன்றைக்குத்தான் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

"போனா, நான் சொன்னது என்னாவறது?" என்றேன்.

"பொணத்துல முழிக்காதன்னு சொன்னீங்க. சரி. உசுரோட இருக்கும்போது வந்து முழிச்சுக்கறேன், சாயங்காலம்." காரின் பின்கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. "வரீங்களா?"

சுசீலா வேறு எங்கோ பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சன்னலில் துணி அசைந்தது.

"தங்கராஜு இருப்பான்ல?"

"அவரு ஊடு. இருப்பாரு."

இருசம்மாள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். போனைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எடுத்து அவள் காலடியில் போட்டிருப்பேன்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். சுசீலா போன்லேர்ந்து புள்ளைய போட்டோ புடிச்சு அதுக்கு அனுப்பறேன். பாக்கணும்னா பாருங்க. இல்லாட்டி வெச்சிருங்க." கொஞ்சம் யோசித்தாள். "அடுப்புமேல சோறு இருக்கு. மிளகா போட்டுத்தான் ஆக்கியிருக்கேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்களைத் தாண்டி, காரைத் தாண்டி நடந்தேன். சுசீலா, "அண்ணே, அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். தாமானை விட்டு ஜாசின் போகிற சாலைக்கு வந்தேன். எங்கே போகிறேன் என்று இல்லை. கோப்பிக்கடைக்குப் போக முடியாது. அங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் செம்பனை, வெயில் இன்னும் ஏறவில்லை. பின்னால் கார் வருகிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வரும்போது மெதுவானது. நான் திரும்பவில்லை. ஓரக்கண்ணில் மஞ்சள் சேலை தெரிந்தது. பாத்திரத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முக்காடு போடவில்லை. அப்புறம் கார் போய்விட்டது.

ஒரு நாள் வருவார்கள், பேர் வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பொம்மை பொம்மையாக அனுப்பிக்கொள்வார்கள். அந்தச் சுசீலா நாளைக்கு வேறு ஒருத்தி வீட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எவள் வந்து நிற்பாள் என்று பார்க்கலாம். நான் பார்க்காததா? சத்தியம் பண்ணினவனையே பார்த்தவன் நான்.

வெகுதூரம் நடந்திருப்பேன். முட்டி வலித்தது. சட்டைப் பையில் போன் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன், எடுக்கவில்லை. வெயில் ஏறி வேர்க்க ஆரம்பித்தது. கழுத்தைத் துடைத்த கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தபோது பூண்டு வாடை அடித்தது. சட்டையை உதறிப் பார்த்தேன். சட்டையில் இல்லை. தோலில் இருந்துதான் வந்தது.